முதல் ஆணியில் மாட்ட வேண்டிய படம்

தாம் கற்பித்த தையலைப் போலவே நேராகவும் நெருக்கமாகவும் இந்த விழாவை நடத்திக்கொண்டிருக்கும் வாசகசாலைத் தலைவர், மிஷன் பள்ளியின் முன்னாள் தையல் ஆசிரியை ரத்னபாய் அம்மையார் அவர்களே; ஜெபத்தோடு தொடங்கிவைத்த போதகர் ஐயா அவர்களே; அந்த ஜெபம் சற்றே நீண்டபோதும் கை கட்டிக் கண் மூடி நின்ற கோயில் கமிட்டிப் பெரியவர்களே; கொல்லயிலிலிருந்தும் காரக்கோணத்திலிருந்தும் காஞ்சிரங்குளத்துக் கடற்காற்றிலிருந்தும் வந்து, வயலில் நனைந்த கால் காயும் முன்னே இந்தப் பந்தலில் அமர்ந்திருக்கும் உழைப்பாளிப் பெருமக்களே; அடுப்பை அணைத்துவிட்டும் அணைக்க மறந்தும் வந்திருக்கும் தாய்மார்களே; விடுப்பில் வந்து, விமானம் ஏறும் நாளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கும் வளைகுடாச் சகோதரர்களே; வர முடியாமல் துபாயிலும் ஷார்ஜாவிலும் இருந்துகொண்டு, இன்று இங்கே என்ன நடந்தது என்று அடுத்த கடிதத்தில் கேட்கப்போகும் எங்கள் பிள்ளைகளே; உங்கள் அனைவரையும் வணங்கி, இந்த வாசகசாலையின் செயலாளன் என்ற முறையிலும், உங்களில் பாதிப் பேரை வகுப்பில் முட்டி போடவைத்த சத்தியதாஸ் என்ற முறையிலும் பேச வந்திருக்கிறேன்.

பதினைந்து நிமிடம் என்று சீட்டு கொடுத்திருக்கிறார்கள். பதினோரு வருடத்துக் கதையைப் பதினைந்து நிமிடத்தில் முடிக்க நான் என்ன வானொலியில் மாநிலச் செய்தியா வாசிக்கிறேன்? சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அது அங்கேயே பத்திரமாக இருக்கும்.

நீங்கள் உள்ளே வரும்போது புதிய அறையைப் பார்த்தீர்கள். சுண்ணாம்பு வாசனை இன்னும் போகாத சுவர். சுவர் நெடுகிலும் ஆணி. ஒவ்வோர் ஆணிக்கும் கீழே ஓர் எண். ஆணிகளிலெல்லாம் படங்கள்: நம்முடைய ஆட்கள், நம்முடைய கையால், நம்முடைய காலத்தில் வரைந்த கோட்டோவியங்கள். நாற்பத்தொரு படங்கள். பதினோரு விருதுகள் கொண்டுவந்து சேர்த்த செல்வம். எந்த அரண்மனையும் கொடுத்ததல்ல, எந்த அமைச்சரும் திறந்துவைத்ததல்ல. நாம் சேர்த்தது.

ஆனால் வாசலைத் தாண்டியதும் இருக்கும் முதல் ஆணி காலியாக இருக்கிறது. பார்த்தீர்கள் அல்லவா? பத்துப் பேர் என்னிடம் கேட்டுவிட்டீர்கள், "சாரே, முதல் ஆணியில ஒண்ணையும் காணல்லியே, மறந்து போச்சா?" என்று. மறக்கவில்லை. அந்த ஆணியில் மாட்ட வேண்டிய படம் இந்தப் பந்தலுக்குள்ளேதான் இருக்கிறது. தாய்மார்கள் பக்கம், மூன்றாவது வரிசையில், நேசம் அம்மையாரின் மடியில், கண்ணாடிச் சட்டத்தோடு துவாலையில் பொதிந்து இருக்கிறது. திரும்பிப் பார்க்க வேண்டாம், அவர் கூச்சப்படுவார். சரி, பார்த்தாகிவிட்டது, இப்போது என்னைப் பாருங்கள்.

அந்தப் படத்தைத் தரும்படி ஒன்பது முறை கேட்டுப் போயிருக்கிறேன். ஒன்பது முறையும் தேநீர் தந்தார், படம் தரவில்லை. பத்தாவது முறை போனபோது சொன்னார்: "சாரே, அண்ணைக்கு மைக்குல வாசிச்சீங்கல்லா? அதே மேடையில நிண்ணு திருப்பி வாசிக்கணும். நான் படத்தைக் கொண்டு வாறேன். கேட்டுட்டுத் தாறதா வேண்டாமாண்ணு முடிவு செய்வேன்."

ஆகவே இன்று நான் சொற்பொழிவாற்ற வரவில்லை. ஒரு காலத்தில் நான் எழுதிய தீர்ப்பைத் திருப்பி வாசிக்க வந்திருக்கிறேன்.

எழுபத்தைந்தாம் வருடத்துக்குப் போவோம். அன்று நம்முடைய நாடு எப்படி இருந்தது? இரண்டு காகிதங்களின் நாடாக இருந்தது. ஒரு கையில் குடிகிடப்புப் பட்டயத்துக்கான காகிதம், மறு கையில் பாஸ்போர்ட்டுக்கான காகிதம். குடியிருக்கும் குடிசைக்குக் கீழே இருக்கும் பத்து சென்ட் மண் நமக்கே என்று சட்டம் சொன்னது. அந்த மண்ணில் ஒரு கான்கிரீட் வார்ப்பு வீடு கட்ட வேண்டுமென்றால் கடல் கடந்து போ என்று காலம் சொன்னது. மண் கிடைத்த கையோடு மனிதன் போனான். எத்தனை வீட்டில் பட்டயம் வந்த நாளில் அதைக் கையெழுத்துப் போட்டு வாங்க ஆண் இல்லை? எத்தனை வீட்டில் மனைவி வாங்கி, மடித்து, "நமக்கு இடம் கிட்டியாச்சு" என்று அக்கரைக்கு எழுதினாள்?

அந்த நேரத்தில் விடுப்பில் வந்தார், காரக்கோணத்துப் பக்கத்து ராபின்சன். துபாயில் ஒரு கட்டடக் கம்பெனியில் வரைபடம் வரைகிற வேலை. வாசகசாலையில் எல்லோரும் அவர் வரும் வழியைப் பார்த்து நிற்கிறோம். எதற்காக? டேப்ரெக்கார்டருக்காக. மறைக்க என்ன இருக்கிறது, போன ஆண்டு வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த நம் ஈசாக் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார், இந்த ஆண்டு ராபின்சன் அதைவிடப் பெரிதாகக் கொண்டுவருவார் என்று மேசையைக்கூடத் துடைத்து வைத்திருந்தோம். அவர் கொண்டுவந்தது ஒரு நீளமான குழாய். உள்ளே காகிதம். கெட்டியான, வெள்ளையான, வெறும் காகிதம்.

நம்முடைய வேலாயுதன் அண்ணன், நில அளவையில் சங்கிலி பிடித்து ஓய்வுபெற்றவர், இதோ முன்வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறார், அவர் அன்று கேட்டார்: "எலே ராபின்சா, இதை எந்த பிளக்குல மாட்டணும்?"

ராபின்சன் சிரிக்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "அண்ணா, அஞ்ச துபாயில நான் காலம்பற தொட்டு கோடு வரைவேன். ஒரு கோடும் எனக்குள்ளதில்ல. இஞ்ச நம்ம ஆளுகளுக்க வீடு காகிதத்துல வந்தது இந்தப் பத்து சென்ட் ஸ்கெட்சிலதான். அதையும் வேற ஒருத்தன் வரைஞ்சான். நம்ம ஆளுவ நம்ம வீட்டை, நம்ம முகத்தை நாமளே வரையட்டு. வருஷத்துக்கு ஒரு விருது வைப்போம். விருது வாங்கின படம் வாசகசாலைக்கு. கூட நல்லதா ரெண்டு மூணும் எடுத்து வைப்போம். பத்து வருஷம் கழிஞ்சு பாருங்க, என்ன இருக்குண்ணு."

என்ன இருக்கிறது என்று இன்று பார்க்கிறோம். அவர் அன்று சொன்ன விதி மூன்றுதான். எல்லோருக்கும் ஒரே காகிதம், ஆளுக்கு ஒன்று. பென்சில் அல்லது மை, வண்ணம் கூடாது. வரைகிறவர் உயிரோடு இருக்க வேண்டும், இன்றைக்கு வரைந்ததாக இருக்க வேண்டும்.

அங்கே யாரோ கேட்கிறீர்கள், வண்ணம் ஏன் கூடாது என்று. நல்ல கேள்வி. வண்ணப்பெட்டி வாங்க முடிந்தவன் ஜெயித்துவிடக் கூடாது என்பதற்காக. பென்சில் எல்லார் வீட்டிலும் உண்டு. உங்கள் வீட்டில் இல்லையென்றால் உங்கள் பிள்ளை பள்ளிக்கூடத்தில் என்ன செய்கிறான் என்று நாளைக்கு விசாரியுங்கள்.

விருது அறிவித்தோம். எழுபத்தாறாம் வருடம், ஆகஸ்ட் மாதம். பதினோரு படங்கள் வந்தன. நடுவர்கள் மூவர்: ரத்னபாய் அம்மையார், வேலாயுதன் அண்ணன், அடியேன். இனி வருவதுதான், பெருமக்களே, உலகத்தில் வேறு எந்த நடுவர் குழுவும் செய்திருக்க முடியாத காரியம்.

எங்களுக்குப் படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லத் தெரியாது. எப்படித் தெரியும்? ஆனால் ஒன்று தெரியும். ஆறு வருடமாக இந்த நாட்டில் ஒரு காகிதம் சரியா தவறா என்று எப்படிப் பார்த்தார்கள்? காகிதத்தோடு இடத்துக்குப் போனார்கள். அளந்தார்கள். ஒத்துப் பார்த்தார்கள். கிணறு எழுதிய இடத்தில் கிணறு உண்டா, தென்னை எழுதிய இடத்தில் தென்னை உண்டா. நாங்களும் அதைத்தான் செய்தோம். பதினோரு படத்தையும் ஒரு பையில் போட்டு, வேலாயுதன் அண்ணன் தோளில் அளவு நாடாவைத் தொங்கவிட்டு, வீடு வீடாகக் கிளம்பினோம்.

சிரியுங்கள். நன்றாகச் சிரியுங்கள். நாங்கள் அன்று சிரிக்கவில்லை, மிகவும் கௌரவமாகப் போனோம். பொன்னையன் வரைந்த பசுவுக்கு இடது கொம்பு வளைந்திருந்தது. தொழுவத்தில் நின்ற பசுவுக்கு வலது கொம்பு வளைந்திருந்தது. ஐந்து மதிப்பெண் குறைத்தோம். பங்கஜாட்சி அம்மா வரைந்த முற்றத்தில் மூன்று கோழி. நாங்கள் போனபோது மேய்ந்தது இரண்டு. "மூணாவது கோழி எங்க?" என்று நான் கேட்டேன். அந்த அம்மா அகப்பையோடு வந்து நின்று, "சாரே, அதைச் சாட்சிக்கு விளிக்கணும்னா கொஞ்சம் பிந்திப் போச்சு, சட்டியில கிடக்கு" என்றார். அதற்கும் மதிப்பெண் குறைத்தோம். ஓமனக்குட்டி, பஹ்ரைனில் இருக்கும் தன் அண்ணனின் முகத்தை வரைந்திருந்தார். பஹ்ரைனுக்குப் போய் ஒத்துப் பார்க்க முடியுமா? காகிதத்தின் பின்னால் "விசாரணை நிலுவையில்" என்று எழுதி வைத்தோம். இன்றைக்கும் அந்த எழுத்து அங்கே இருக்கிறது.

விருது யாருக்குப் போனது? ராஜதாசுக்கு. கிணறும் நான்கு தென்னையும். அடிக்கோல் வைத்து வரைந்தது. நாடா பிடித்தோம், ஓர் அங்குலம் பிசகவில்லை. நூற்றுக்கு நூறு. ராஜதாஸ் இங்கேதான் இருக்கிறார். மக்கா, தவறாக எடுக்காதே, நீ போன மாதம் என்னிடம் சொன்னதைத்தான் சொல்கிறேன்: அந்தப் படத்தை வைத்துக் கிணற்றில் தண்ணீர் இறைக்கலாம், பார்க்க ஒன்றும் இல்லை. அவர் பிறகு ஒன்பதாம் வருடம் தம் மகள் சைக்கிள் பழகுவதை வரைந்தார். அதுவும் சுவரில் இருக்கிறது. அதன் முன்னால் நின்றால் நமக்கே விழுந்துவிடுவோம் என்று பயம் வரும்.

இப்போது சிரிப்பை நிறுத்துங்கள். நேசம் அம்மையாரின் படத்துக்கு வருகிறேன்.

அந்தப் படத்தில் இருந்தது ஒரு பலா மரம். ஓர் ஓலைக் குடிசை, அதன் கூரைமேல் சாய்ந்தாற்போல் ஒரு பெரிய பலா. அடிமரத்திலிருந்தே காய். ஒவ்வொரு காயையும் முள் முள்ளாக, பொறுமையாக வரைந்திருந்தார். கீழ்க்கொம்பில் ஒரு சேலைத் தொட்டில். தொட்டிலில் பிள்ளை தெரியாது, பிள்ளையின் கனத்தில் சேலை தாழ்ந்திருப்பது மட்டும் தெரியும். இதை வரையக் கற்றுக்கொடுத்தது யார்? ஒருவரும் இல்லை. பகலெல்லாம் அண்டிக் கம்பெனியில் முந்திரி உரித்த கை அது.

நாங்கள் போய்ப் பார்த்தபோது குடிசை இருந்தது. தொட்டில் உத்தரத்தில் கட்டியிருந்தது. பலா மரம் இல்லை. வெட்டிய அடிமரத்தின் குற்றி ஒன்று இருந்தது. அவ்வளவுதான்.

ரத்னபாய் அம்மையார் அந்தக் குற்றியின் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தார். "சாரே, துளிர் விட்டிருக்கு பாருங்க. இது பழைய குற்றி இல்ல" என்றார். நான் என்ன சொன்னேன், அம்மா? சொல்லுங்கள். ஆம். "இருப்பதை மட்டும் பார்ப்போம் டீச்சர்" என்று சொன்னேன். சொல்லிவிட்டுப் பையிலிருந்து சிவப்பு மைப் பேனாவை எடுத்தேன். பின்பக்கம் எழுதியிருக்கலாம். முன்பக்கத்தில், மரத்தின் அடியிலேயே எழுதினேன்: "பலா மரம் இடத்தில் இல்லை. தள்ளுபடி."

அது போதாதென்று விழா நாளில் இதே மேடையில், இதைவிட மோசமான மைக்கில், எல்லோரும் கேட்க வாசித்தேன். "பொன்னுதாஸ் மனைவி நேசம் சமர்ப்பித்த படம், இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டியதால் தள்ளுபடி செய்யப்படுகிறது." கூட்டம் சிரித்தது. நீங்கள்தான் சிரித்தீர்கள். நான்தான் சிரிக்கவைத்தேன். அவர் எழுந்து வந்து படத்தை வாங்கிக்கொண்டு போனார்.

முடிவுகளைப் பட்டியலாக்கி ராபின்சனுக்குப் பெருமையோடு அனுப்பினோம். மூன்று வாரத்தில் பதில் வந்தது. நான்கு வரி. "சாரே, உங்களைப் படத்தைப் பார்க்கச் சொன்னேன். நீங்கள் மரத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அடுத்த வருடம் நடுவர்கள் அறையை விட்டு வெளியே போகக் கூடாது. நாடாவை வேலாயுதன் அண்ணன் வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும்."

அன்றிலிருந்து நடுவர்கள் படம் பார்க்கும் முறை மாறியது. படங்களைப் பெயர் மறைத்துச் சுவரில் குத்துவோம். நடுவர்கள் ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் பார்ப்பார்கள். வாய் திறக்காமல் ஒரு மணி நேரம், அதுவும் நானும் வேலாயுதன் அண்ணனும். முதல் கால்மணி நேரம் கொட்டாவி வரும். அரைமணி நேரத்தில் ஒரு படம் மட்டும் நம்மைத் திரும்பக் கூப்பிடும். முக்கால் மணியில் அது ஏன் கூப்பிடுகிறது என்று புரியும். அப்படித்தான் பங்கஜாட்சி அம்மா இரண்டாம் வருடம் விருது வாங்கினார்: மகனை வழியனுப்பிவிட்டு வந்த வீட்டின் வாசலில் கிடக்கும் செருப்புகள், ஒரு சோடி மட்டும் குறைவு. அப்படித்தான் ஈசாக்கின் படம் வந்தது: விமான நிலையத்துக் கம்பிவேலி, வேலிக்கு இப்பால் முகமே இல்லை, தூக்கிய கைகள் மட்டும். எத்தனை கை. அதில் என் கையும் உண்டு என்று ஒவ்வொருவரும் தேடினீர்கள்.

கேமரா வந்துவிட்டதே, இனிக் கோடு எதற்கு என்று கேட்கிற சகோதரர்களே, உங்கள் கேமராவை நான் குறை சொல்லவில்லை. என் மகள் கல்யாணத்தில் அதுதான் படம் எடுத்தது. ஆனால் குறைந்துபோன ஒரு சோடிச் செருப்பை உங்கள் கேமரா எடுக்குமா? பிள்ளையின் கனத்தை எடுக்குமா? போனது எதுவோ அதை எடுக்குமா? நம்முடைய நாடு இந்தப் பதினோரு வருடத்தில் பெற்றதைவிடப் பிரிந்தது அதிகம். பெற்றதற்குப் பட்டயம் உண்டு, பாஸ்புக் உண்டு. பிரிந்ததற்கு இந்தச் சுவரை விட்டால் வேறு என்ன ஆவணம் இருக்கிறது?

போன வருடம் நகரத்திலிருந்து ஓவியம் கற்பிக்கிற ஒருவர் நம் படங்களைப் பார்க்க வந்தார். மதியச் சாப்பாட்டை மறந்து மூன்று மணி நேரம் பார்த்தார். முடிவில் ராஜதாசின் கிணற்றின் முன்னால் நின்று கேட்டார்: "இதற்கும் அடுத்த வருடத்துப் படத்துக்கும் நடுவில் உங்களுக்கு என்ன நடந்தது?" நான் சிரித்து, "வயசாச்சு, புத்தி வந்தது" என்றேன். அவர் போய்விட்டார். எனக்கு உறக்கம் போய்விட்டது. ஏனென்றால் நான் மறுபடியும் பொய் சொன்னேன்.

ஆம் ஐயா, மறுபடியும். கேளுங்கள். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

அந்தப் பலா எப்போது வெட்டப்பட்டது? எழுபத்தாறு பிப்ரவரியில். நேசத்தின் பத்து சென்ட்டை அளக்க ஆட்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்பு. பட்டயம் கொடுத்தால் மண்ணோடு மரமும் போய்விடும் என்று நிலத்துக்காரர் வெட்டினார். அளவு நாளில் எழுதிய காகிதத்தில், "மரங்கள்: இல்லை" என்று ஒரு வரி. அதற்குக் கீழே ஊர்ச் சாட்சியாக ஒரு கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போட்டது யார்?

நான். இந்த சத்தியதாஸ்.

எனக்குத் தெரியாதா அந்த மரத்தை? ஒவ்வொரு வருடமும் முதல் சக்கையை, அந்தப் பலாவின் முதல் பழத்தை, நேசம் எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். என் பிள்ளைகள் கை முழுக்க எண்ணெய் தடவிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து தின்ற சக்கை அது. நிலத்துக்காரர் என் தோளில் கை போட்டு, "சாரே, இப்பம் இல்லாததை இல்லைண்ணு எழுதுறதுக்கு என்ன?" என்றார். நியாயமாகத்தான் பட்டது. பயமாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். போட்டேன்.

அவர் இன்று இல்லை. அவர் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள், நல்ல பிள்ளைகள், அந்த அறையின் ஜன்னல் அவர்கள் கொடுத்தது. அவர்களை ஒரு சொல் சொல்ல நான் வரவில்லை. கோடாலி அவருடையது. கையெழுத்து என்னுடையது.

ஆறு மாதம் கழித்து அந்தப் படம் என் கைக்கு வந்தபோது, நான் பார்த்தது மரத்தையா? இல்லை. என் கையெழுத்தைப் பார்த்தேன். அந்தப் படத்துக்கு விருது கொடுத்தால், இல்லை என்று நான் எழுதிக்கொடுத்த மரத்தை உண்டு என்று நானே ஒப்புக்கொண்டதாகும். படத்தைத் தள்ளினேன். அறியாமையால் தள்ளினேன் என்று பத்து வருடம் ஊரைச் சிரிக்கவைத்தேன். நாடாக் கதையைச் சொல்லிச் சொல்லிக் கைதட்டு வாங்கினேன். இன்றைக்கும் வாங்கினேன், சற்று முன்பு.

இன்னொன்று உண்டு. அந்தப் படம் விருதுக்காக மட்டும் வரைந்ததல்ல. பொன்னுதாஸ் அந்த வருடம்தான் ஷார்ஜாவில் கம்பி கட்டும் வேலைக்குப் போயிருந்தார். ஒவ்வொரு கடிதத்திலும், சக்கை காய்ச்சதா, தொட்டில் கட்டினியா என்று கேட்பார். மரம் போனதை நேசம் எழுதவில்லை. போட்டி முடிந்ததும் படத்தை அவருக்கு அனுப்பி, விருது வாங்கிய சந்தோஷத்தோடு சேர்த்து அந்தச் செய்தியையும் எழுதலாம் என்று இருந்தார். அடியில் சிவப்பு மையில் "இடத்தில் இல்லை" என்று எழுதிய படத்தை எப்படி அனுப்புவது? பெட்டியில் வைத்தார். மூன்று வருடம் கழித்துப் பொன்னுதாஸ் விடுப்பில் வந்து அந்தக் குற்றியின் முன்னால் நின்றபோதுதான் எடுத்துக் காட்டினார்.

மறுநாள் பொன்னுதாஸ் என் வீட்டுக்கு வந்தார். சோப்பும் தைலமும் கொண்டுவந்தார். தேநீர் குடித்தார். என் பிள்ளைகளின் படிப்பைக் கேட்டார். சிவப்பு மையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இறங்கும்போது வாசலில் நின்று மெல்லச் சொன்னார்: "சாரே, இனிச் சக்கை கொடுத்தனுப்ப முடியாதாக்கும். ஒண்ணும் நினைக்காதுங்க."

அவர் என்னை அடித்திருக்கலாம். அடித்திருந்தால் அன்றே ஆறியிருக்கும்.

அந்தக் குற்றி இருந்த இடத்தில் இன்று அவர்கள் கட்டிய வீட்டின் வராந்தா இருக்கிறது. அழகான வீடு, அவர்கள் வியர்வை. ஆனால் அந்தப் பலா இன்று நிற்கிற ஒரே இடம் நேசம் அம்மையாரின் மடியில் இருக்கிற அந்தக் காகிதம். நம் நாற்பத்தொரு படங்களும் எங்கிருந்து தொடங்குகின்றன? ராஜதாசின் கிணற்றிலிருந்தா? இல்லை. இல்லாததை உண்டு என்று துணிந்து வரைந்த அந்தக் கோட்டிலிருந்து தொடங்குகின்றன. பிறகு வந்த ஒவ்வொருவரும் அந்த வழியில்தான் வந்தார்கள். முதல் ஆணியில் வேறு எதையும் மாட்ட இந்தக் கைக்கு யோக்கியதை இல்லை.

ஆகவே திருப்பி வாசிக்கிறேன். எல்லோரும் கேளுங்கள். எழுபத்தாறாம் வருடம் ஆகஸ்ட் மாதம் இந்த மேடையில் நான் வாசித்த தீர்ப்பு தவறு. அறியாமையால் வந்த தவறு அல்ல, அறிந்து செய்த தவறு. நேசம் அவர்கள் வரைந்த மரம் உண்டு. நாளை எந்த அலுவலகத்தில் எவர் கேட்டாலும் இதையே சொல்வேன். நேசம் அவர்களே, உங்கள் வீட்டாரிடமும் உங்களிடமும் நான் மன்னிப்புக் கேட்கிறேன். படத்தைத் தருவதும் தராததும் உங்கள் விருப்பம். தராவிட்டால் அந்த ஆணி காலியாகவே இருக்கும், நான் இருக்கும்வரை வேறு எதுவும் அதில் ஏறாது.

நேசம் அம்மையார் எழுந்து நிற்கிறார். இருங்கள், பேசாதிருங்கள். மைக் அங்கே எட்டாது, அவர் சொல்லச் சொல்ல நான் சொல்கிறேன்.

"சாரே, படம் தாறேன்."

கைதட்டாதீர்கள், இன்னும் முடிக்கவில்லை. "ஆனா வருஷா வருஷம் சக்கைக் காலத்துல ஒரு மாசம் எனக்க வீட்டுக்கு வரணும். காய்க்கிற நேரத்துல மரம் வீட்டுல இல்லாம இருக்கப்பிடாது." சரி அம்மா. தலைவர் தலையாட்டுகிறார். விதிப் புத்தகத்தில் நான்காவது விதியாக இன்றே எழுதுகிறோம். முதல் ஆணியின் படம் சக்கைக் காலத்தில் வீட்டுக்குப் போகும்.

இன்னும் உண்டா? சொல்லுங்கள். "அந்தச் சிவப்பு மையை அழிக்கண்டாம். அது அப்படியே கிடக்கட்டு. அதுக்குக் கீழ எழுதித் தரணும். மைக்குல சொன்னது காத்துல போவும் சாரே. கையெழுத்து போட்டாத்தான் நிக்கும். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும் அம்மா. என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் இந்தப் பந்தலில் இல்லை.

விடுப்பில் வந்திருக்கும் பொன்னுதாஸ் படத்தை எடுத்துக்கொண்டு வருகிறார். வழி விடுங்கள். வேலாயுதன் அண்ணன், கண்ணாடிச் சட்டத்தைத் திறக்க ஒரு குறடு வேண்டுமே, யாரிடமாவது... என்ன சொல்கிறீர்கள் பொன்னுதாஸ்? "வேண்டாம் சாரே. பின்பக்க ஆணியை வீட்டுல வச்சே இளக்கியாச்சு."

வீட்டிலேயே இளக்கிக் கொண்டுவந்திருக்கிறார்கள். நான் பேசத் தொடங்கும் முன்பே.

கொஞ்சம் பொறுங்கள். கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறேன். படத்தின் கண்ணாடியை அல்ல, என்னுடையதை.

பேனா பையில் இருக்கிறது, சிவப்பு மைதான், வாத்தியார் பையில் வேறு என்ன இருக்கும். எழுதுகிறேன். எழுதுவதை வாசிக்கிறேன். "இந்தப் பலா இந்த இடத்தில் நின்றது. நான் பார்த்தேன். இதன் சக்கை தின்றேன். சாட்சி: சத்தியதாஸ். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு, ஆகஸ்ட்."

கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதே கை.

என்னைப் பொறுத்துக்கொண்ட தலைவர் அவர்களுக்கும், காகிதம் அனுப்பிக்கொண்டே இருக்கும் ராபின்சனுக்கும், வரைந்த ஒவ்வொரு கைக்கும், கேட்டிருந்த உங்களுக்கும், மூன்றாவது வரிசைக்கும் என் நன்றியைச் சொல்லி, உங்கள் எல்லோரையும் மறுபடியும் கும்பிட்டு இறங்குகிறேன். பொன்னுதாஸ், சட்டத்தின் அந்தப் பக்கத்தை நீங்கள் பிடியுங்கள். போய் மாட்டுவோம்.